எந்தக் கோப்பை வெல்லக் கஷ்டமானது? ஸ்டான்லி கோப்பையை முன்வைத்து ஒரு பதில்

நீங்கள் கேட்டது இது. டொரண்டோவில் இருக்கும் உங்கள் மச்சான், உலகத்திலேயே வெல்லக் கஷ்டமான கோப்பை ஐஸ் ஹாக்கியின் ஸ்டான்லி கோப்பைதான் என்கிறார். நீங்கள் விம்பிள்டன் என்கிறீர்கள். அலுவலக நண்பர் கால்பந்து உலகக் கோப்பை என்கிறார். யார் சொல்வது சரி, இதைக் கணக்குப் போட்டுச் சொல்ல முடியுமா என்பது கேள்வி. கணக்குப் போடலாம். ஆனால் அதற்கு முன்னால் கேள்வியைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். 'கஷ்டம்' என்று மூன்று பேரும் சொன்னாலும், மூவரும் சொல்வது ஒரே கஷ்டம் அல்ல. இருப்பதிலேயே வலுவான அணிக்குக்கூட அந்தக் கோப்பை கைக்கு வருவது எவ்வளவு நிச்சயமில்லாதது என்று உங்கள் மச்சான் பேசுகிறார். மற்ற எல்லோருக்கும் அந்த உயரம் எவ்வளவு எட்டாதது என்று நீங்கள் பேசுகிறீர்கள். இந்த இரண்டும் பெரும்பாலும் தராசின் இரண்டு தட்டுகள் மாதிரி. ஒன்று இறங்கினால் மற்றது ஏறும். நான் சொல்ல வந்தது இதைத்தான்.

நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவன். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. நடுவில் ஆராய்ச்சிக்காக ஒன்டாரியோவில் சில குளிர்காலங்கள் இருந்தேன். ஐஸ் ஹாக்கியில் இறங்கி ஆடியதில்லை. பார்த்தேன், பார்த்ததை எண்ணினேன், அதையே பாடமாகவும் நடத்தினேன். அதனால் எண்ணிக்கையும் வாய்ப்பும் சம்பந்தப்பட்ட இடங்களில் உறுதியாகப் பேசுவேன். வலி, மன அழுத்தம் என்று வரும் இடங்களில் என் கணக்கு நின்றுவிடும். அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

முதலில் மச்சானின் கட்சி. அந்தக் கோப்பைக்காக ஆடும் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகான என்எச்எல்-லில் 32 அணிகள். அக்டோபரில் ஆரம்பித்து ஏப்ரல் வரை ஒவ்வொரு அணியும் எண்பதுக்கு மேல் ஆட்டம் ஆடும். அதில் 16 அணிகள் பிளேஆஃப் என்ற நாக்அவுட் கட்டத்துக்குப் போகும். அங்கே நான்கு சுற்றுகள். ஒவ்வொரு சுற்றும் ஏழு ஆட்டத் தொடர், நான்கை முதலில் வென்றவர் மேலே போவார். ஆக, கோப்பையைத் தூக்க 16 வெற்றி வேண்டும். அதற்கு 28 ஆட்டம் வரை ஆட வேண்டி வரலாம், இரண்டு மாதம் ஓடிவிடும். பிளேஆஃபில் சமன் என்ற பேச்சே கிடையாது. 60 நிமிடத்தில் முடியவில்லை என்றால் யாராவது ஒரு கோல் போடும் வரை இருபது இருபது நிமிடமாக ஆடிக்கொண்டே இருப்பார்கள். 2020 ஆகஸ்டில் டாம்பா பே அணிக்கும் கொலம்பஸ் அணிக்கும் நடந்த ஓர் ஆட்டம் ஐந்தாவது கூடுதல் நேரம் வரை போனது. மொத்தம் 150 நிமிடத்துக்கு மேல். கொலம்பஸ் கோல்கீப்பர் கோர்பிசாலோ 85 ஷாட்களைத் தடுத்தார். 86-வதாக ஒன்றைத் தடுக்க முடியவில்லை என்று சொல்ல மனம் வரவில்லை, ஆனால் ஸ்கோர் 3–2, தோற்றது அவருடைய அணிதான்.

இதே இரண்டு அணிகளும் அதற்கு முந்தைய வருடம் மோதியதுதான் உங்கள் மச்சானுக்குக் கிடைக்கக்கூடிய ஆகச் சிறந்த சாட்சி. 2018–19 சீசனில் டாம்பா பே 82-ல் 62 ஆட்டங்களை வென்றிருந்தது. அதுவரை லீகின் வரலாற்றில் அதற்கு மேல் யாரும் வென்றதில்லை. முதல் சுற்றில் எதிரணி கொலம்பஸ், எப்படியோ கடைசி நேரத்தில் உள்ளே நுழைந்த அணி. முதல் ஆட்டத்தில் டாம்பா 3–0 என்று முன்னிலை. அதை 4–3 என்று தோற்றது. அப்புறம் அடுத்த மூன்றையும் தோற்று, ஒரு வெற்றிகூட இல்லாமல் வீட்டுக்குப் போனது. சரி, இது ஏதோ ஒரு தடவை நடந்த விபத்து என்று நினைத்தால், நான்கு வருடம் கழித்து பாஸ்டன். 2022–23-ல் 65 வெற்றி, 135 புள்ளி, இரண்டுமே சாதனை. எதிரணி ஃபுளோரிடா, பிட்ஸ்பர்கைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதலாக எடுத்ததால் உள்ளே வந்த அணி. தொடரில் பாஸ்டன் 3–1 என்று முன்னிலையில் இருந்தது. ஏழாவது ஆட்டம் பாஸ்டனின் சொந்த அரங்கில். கடைசி நிமிடத்தில் ஃபுளோரிடா சமன் செய்து, கூடுதல் நேரத்தில் வென்றுவிட்டது. வரலாற்றின் மிகச் சிறந்த லீக் சீசன் முதல் சுற்றிலேயே முடிந்தது.

ஏன் இப்படி ஆகிறது என்பதை வகுப்பில் நான் கேரம் காய்களை வைத்துக் காட்டுவேன். இரண்டு செட் காய்களிலிருந்து 11 வெள்ளை, 9 கறுப்பு எடுத்து ஒரு மஞ்சப்பையில் போடுவேன். வெள்ளை வந்தால் உங்கள் அணிக்கு வெற்றி, கறுப்பு வந்தால் தோல்வி. பார்க்காமல் ஒரு காயை எடுத்து, குறித்துக்கொண்டு, திரும்பப் பையில் போட வேண்டும். 20-க்கு 11, அதாவது ஒவ்வொரு ஆட்டத்திலும் 55 சதவீதம் உங்கள் பக்கம். நான்கு வெள்ளை முதலில் வந்தால் ஒரு தொடர் உங்களுடையது. அப்படி நான்கு தொடர்களை வரிசையாக வெல்ல வேண்டும். எல்லாத் தொடரிலும் நீங்கள்தான் பலசாலி என்பதை மறந்துவிடாதீர்கள். மாணவர்கள் முதலில் சிரித்துக்கொண்டே எடுப்பார்கள். இரண்டாவது தொடரில் பாதிப் பேர் வெளியே போனதும் பையை உதறிப் பார்ப்பார்கள், "சார், இதுல வெள்ளை கம்மியா இருக்கு" என்பார்கள். கொட்டி எண்ணிக் காட்டுவேன். சரியாகப் பதினொன்று இருக்கும். கணக்கு என்ன சொல்கிறது என்றால், 55 சதவீத அணி ஒரு தொடரை வெல்லும் வாய்ப்பு 61 சதவீதம். நான்கையும் வெல்லும் வாய்ப்பு 14 சதவீதம்கூட இல்லை. 60 பேர் உள்ள வகுப்பில் எட்டு பேர் அளவில்தான் கோப்பையைத் தொடுவார்கள்.

இப்போது பையில் 12 வெள்ளை, 8 கறுப்பு என்று மாற்றுங்கள். அதாவது 60 சதவீதம். கோப்பைக்கான வாய்ப்பு 25 சதவீதம் ஆகிறது. 14 வெள்ளை, 6 கறுப்பு என்றால் 70 சதவீதம், கோப்பை வாய்ப்பு 58 சதவீதத்துக்கு ஏறிவிடும். ஒரு ஆட்டத்தின் சாதகம் 55-லிருந்து 70-க்குப் போவது பார்க்கச் சின்ன மாற்றம் மாதிரி இருக்கும். ஆனால் ஏழுக்கு ஒருவர் கோப்பை எடுப்பது என்ற நிலையிலிருந்து பாதிக்கு மேல் எடுக்கும் நிலைக்கு அது கொண்டுவந்துவிடுகிறது. ஆக, ஒரு விளையாட்டில் மிகச் சிறந்த அணிக்கு ஒரு தனி ஆட்டத்தில் எத்தனை வெள்ளைக் காய் கிடைக்கிறது என்பதுதான் முழு விஷயமும். ஐஸ் ஹாக்கி கஞ்சத்தனமாகக் கொடுக்கும். கூடைப்பந்து தாராளமாகக் கொடுக்கும். இரண்டுக்கும் பிளேஆஃப் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான், 16 அணி, நான்கு சுற்று, 16 வெற்றி. வித்தியாசம் ஆட்டத்துக்குள்ளே இருக்கிறது.

கூடைப்பந்தில் ஒரு அணிக்கு ஒரு ஆட்டத்தில் பந்து கையில் வந்து முயற்சி செய்யும் சந்தர்ப்பம் ஏறக்குறைய 100 தடவை. நூறு தடவை முயலும்போது அதிர்ஷ்டம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், திறமை மட்டும் மிஞ்சும். மிகச் சிறந்த ஆட்டக்காரர் 48 நிமிடத்தில் 40 நிமிடம் களத்தில் நிற்கலாம். ஐஸ் ஹாக்கியில் ஒருவர் ஒரு முறை இறங்கினால் முக்கால் நிமிடம்தான், மூச்சு வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். நட்சத்திர முன்கள வீரரே மொத்தம் 60-ல் இருபது நிமிடம் சொச்சம்தான் களத்தில் இருப்பார். அணிக்கு 30 ஷாட் சுமார், அதில் கோல் ஆவது மூன்று. அந்த மூன்றும் எப்படி விழுகின்றன என்று பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். மூன்று அங்குல அகலம், ஓர் அங்குல கனம், உறையவைத்த ரப்பர் வட்டு. நீலக்கோட்டுக்கு அருகிலிருந்து ஒருவர் அடிக்கிறார். கோல்கீப்பருக்கு முன்னால் நாலைந்து பேர் நெருக்கியடித்து நிற்கிறார்கள். வட்டு ஒருவனுடைய ஸ்கேட்டில் பட்டு, இன்னொருவனின் மட்டையில் உரசி, திசை மாறி உள்ளே போகிறது. போட்டவர் யார் என்று ரீப்ளே பார்த்துத்தான் அறிவிப்பார்கள். இது எல்லா ஆட்டத்திலும் நடக்கும். மூன்று கோல் விழும் ஆட்டத்தில் இப்படி ஒன்று விழுந்தால், அதுவே முடிவைத் தீர்மானிக்கப் போதும்.

இதை முறையாக அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்கப் புள்ளியியலாளர்கள் மூவர் நான்கு பெரிய லீகுகளின் பந்தய விகிதங்களை வைத்து 2018-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கூடைப்பந்தில் ஏழு ஆட்டத் தொடரில் நல்ல அணி எவ்வளவு உறுதியாக வெல்கிறதோ, அதே உறுதி ஐஸ் ஹாக்கியில் கிடைக்க வேண்டும் என்றால் 51 ஆட்டத் தொடர் வைக்க வேண்டும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். பேஸ்பாலுக்கு 75 ஆட்டம். அமெரிக்கக் கால்பந்துக்குப் பதினொன்றே போதும். இந்த எண்களை முதன்முதலில் வகுப்பில் சொன்னபோது கரும்பலகையில் எழுதிவிட்டு நானே கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்படியானால் பேஸ்பால்தானே இன்னும் கஷ்டம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒரு தனி ஆட்டத்தை வைத்துப் பார்த்தால் ஆமாம். 2001-ல் சியாட்டில் 162-ல் 116 ஆட்டங்களை வென்றும் இறுதித் தொடருக்கே போகவில்லை. ஆனால் இப்போதைய பேஸ்பால் அமைப்பில் முன்னணி அணிகளுக்கு முதல் சுற்று விலக்கு. மூன்று தொடர்கள், 11 வெற்றி போதும். ஐஸ் ஹாக்கியில் அந்தச் சலுகை இல்லை. 65 ஆட்டம் வென்றவனும் முதல் சுற்றிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும். இந்த இரண்டில் எது மேல் என்பதில் எனக்குச் சாய்வு ஸ்டான்லி கோப்பை பக்கம். ஆனால் அடித்துச் சொல்ல மாட்டேன், இடைவெளி அவ்வளவு சின்னது. கூடைப்பந்தைவிட இரண்டுமே வலுவான அணிக்கு மிகக் கடினமானவை என்பதில் சந்தேகமே இல்லை.

இனி தராசின் அடுத்த தட்டு. வலுவானவனை எது கவிழ்க்கிறதோ, அதுவேதான் எளியவனைத் தூக்கிவிடுகிறது. 2012-ல் லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் தன் பிரிவில் எட்டாவது, அதாவது கடைசி இடத்தில் பிளேஆஃபுக்குள் நுழைந்தது. கோல்கீப்பர் ஜோனதன் குவிக் இரண்டு மாதம் சுவர் மாதிரி நின்றார். 20 ஆட்டத்தில் 16-ஐ வென்று கோப்பையைக் கொண்டுபோனார்கள். கூடைப்பந்தில் எட்டாம் இடத்து அணி இதுவரை கோப்பை எடுத்ததே இல்லை. 1999-ல் நியூயார்க்கும் 2023-ல் மயாமியும் இறுதி வரை வந்து தோற்றன. கோப்பை எடுத்ததில் மிகக் கீழே இருந்து வந்தது 1995 ஹூஸ்டன், ஆறாம் இடம். ஆக, நீங்கள் ஒரு நடுத்தர அணியின் ரசிகர் என்றால், பிரார்த்தனை செய்யத் தகுந்த விளையாட்டு ஐஸ் ஹாக்கி. "வெல்லக் கஷ்டமானது" என்று மச்சான் சொல்வதில் ஒரு பாதி, "யார் வேண்டுமானாலும் வெல்லலாம்" என்பதுதான். அதைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, ஆனால் அது உண்மை.

உங்கள் விம்பிள்டனுக்கு வருவோம். ரோஜர் ஃபெடரர் 2024-ல் டார்ட்மவுத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் தன்னைப் பற்றி ஒரு கணக்குச் சொன்னார். ஒற்றையரில் அவர் ஆடியது 1,526 ஆட்டம், வென்றது ஏறக்குறைய 80 சதவீதம். ஆனால் ஆடிய மொத்தப் புள்ளிகளில் அவர் வென்றது 54 சதவீதம்தான். எனக்கு இது தங்கச் சுரங்கம் மாதிரி. நம் மஞ்சப்பையில் 11 வெள்ளை இருந்ததே, அதைவிடக் குறைவான சாதகம். ஆனால் டென்னிஸில் புள்ளி சேர்ந்து கேம், கேம் சேர்ந்து செட், செட் சேர்ந்து ஆட்டம். ஒரு ஐந்து செட் ஆட்டத்தில் இருநூறு, முந்நூறு புள்ளி வரும். ஒவ்வொரு படியிலும் சின்னச் சாதகம் பெருகிப் பெருகிப் பெரிய சாதகம் ஆகிவிடுகிறது. அதனால்தான் 2003-லிருந்து 2022 வரை நடந்த 19 விம்பிள்டனில் ஆண்கள் ஒற்றையர் பட்டம் நான்கே பேர் பெயரில் இருக்கிறது. ஃபெடரர் எட்டு, ஜோகோவிச் ஏழு, நடால் இரண்டு, மர்ரி இரண்டு. அந்த இருபது வருடத்தில் பிறவித் திறமையோடு, பெற்றோரின் மொத்தச் சேமிப்போடு, உலகின் பத்தாவது சிறந்த ஆட்டக்காரராக வந்தவருக்கு என்ன கிடைத்தது? விம்பிள்டன் கிடைக்கவில்லை. 2001-ல் 125-வது இடத்தில் இருந்து சிறப்பு அனுமதியில் உள்ளே வந்து பட்டம் வென்ற கோரான் இவானிசெவிச் மாதிரி ஒருவரை இன்றைக்கும் பெயர் சொல்லி நினைவில் வைத்திருக்கிறோம் என்றால், அது எவ்வளவு அரிது என்பதால்தான். ஆக உங்கள் கட்சியும் சரி. ஃபெடரருக்கு விம்பிள்டன் எளிது என்று சொல்ல வரவில்லை. ஃபெடரர் இருந்ததால் மற்றவர்களுக்கு அது இரும்புக் கதவாக இருந்தது.

அந்த அளவுகோலில் இன்னும் ஒரு படி மேலே போனால் செஸ். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அங்கீகரித்த விளையாட்டு, தொழிலாகவே ஆடுகிறார்கள், அதனால் சேர்த்துக்கொள்கிறேன். 1886-ல் ஸ்டைனிட்ஸ் பட்டம் வென்றதிலிருந்து கணக்கு எடுத்தால் சர்ச்சைக்கு இடமில்லாத உலக சாம்பியன்கள் 18 பேர்தான். சாம்பியனோடு மோத ஒரே ஒரு இடம், அந்த இடத்துக்கு எட்டு பேர் 14 சுற்று ஆடும் கேண்டிடேட்ஸ் போட்டி. எஸ்டோனியாவின் பால் கெரஸ் 1953, 56, 59, 62 என்று வரிசையாக நான்கு கேண்டிடேட்ஸில் இரண்டாவதாக வந்தார். ஒரு தடவைகூட சாம்பியனோடு பட்டத்துக்காக நேருக்கு நேர் மோத அவருக்கு வாய்க்கவில்லை. இந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனது கனத்துப்போகும்.

குகேஷ் அந்த வழியைக் கடந்தது 2024 ஏப்ரலில், உங்கள் மச்சானின் டொரண்டோவிலேதான். கடைசிச் சுற்றில் நகமுராவோடு டிரா செய்து 9 புள்ளியோடு எழுந்தார். கருவானாவுக்கும் நெப்போம்னியாச்சிக்கும் நடந்த ஆட்டத்தில் யார் வென்றிருந்தாலும் அவரும் 9-க்கு வந்திருப்பார், டைபிரேக் போயிருக்கும். கருவானாவுக்கு வெல்லும் நிலை கிடைத்தும் நழுவியது, டிரா. அந்த வருடம் டிசம்பர் 12, சிங்கப்பூர். அப்போதைய உலக சாம்பியன் டிங் லிரெனோடு 13 ஆட்டம் முடிந்து ஆறரைக்கு ஆறரை. பதினான்காவது ஆட்டமும் டிராவை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது. 55-வது நகர்வில் டிங் யானையை எஃப்2 கட்டத்துக்கு நகர்த்தினார். யானையும் மந்திரியும் வெட்டுப்பட்டுப் போய், ஒரு சிப்பாய் கூடுதலாக இருக்கும் வெறும் சிப்பாய் ஆட்டமாக அது மாறும் என்று குகேஷுக்குப் புரிந்த கணத்தில் அவருடைய கண் விரிந்ததை நேரலையில் பார்த்தோம். தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்தார். அப்புறம்தான் காயை நகர்த்தினார். டிங் கைகொடுத்துவிட்டுப் போனபின் அழுதுகொண்டே காய்களை ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் அடுக்கிவைத்தார். 18 வயது. இவ்வளவு திறமை சார்ந்த விளையாட்டிலும் முடிவு ஒரே ஒரு நகர்வில் தொங்கியது என்பதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அந்த மேசை வரை வருவதற்கு அதிர்ஷ்டம் பெரிதாக உதவாது. எட்டாம் இடத்து கிங்ஸ் கதை செஸ்ஸில் நடக்காது.

உங்கள் நண்பரின் கால்பந்து உலகக் கோப்பையில் என் தராசு முழுசாகப் பொருந்தவில்லை. கோல் குறைவு, நாக்அவுட் சுற்றுகள் ஒவ்வொன்றும் ஒரே ஆட்டம், ஆகவே அதிர்ஷ்டத்துக்கு நிறைய இடம் உண்டு. 1954-ல் ஹங்கேரி லீக் சுற்றில் 8–3 என்று நொறுக்கிய மேற்கு ஜெர்மனியிடமே இறுதி ஆட்டத்தில் 3–2 என்று தோற்றது. இருந்தும் 1930 முதல் 2022 வரை நடந்த 22 உலகக் கோப்பைகளை எட்டே நாடுகள்தான் எடுத்திருக்கின்றன. காரணம், நாடுகளுக்கு இடையே உள்ள ஏற்றத்தாழ்வு. என்எச்எல்-லில் சம்பள உச்சவரம்பு இருக்கிறது, பின்தங்கிய அணிக்குப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில் முன்னுரிமை இருக்கிறது, வீரர்களை மாற்றிக்கொள்ளலாம். ஒரு நாடு ஆட்டக்காரரை விலைக்கு வாங்க முடியாது, அந்த நாட்டுக் குடியுரிமை உள்ளவராக இருந்தால்தான் உண்டு. தவிர நான்கு வருடத்துக்கு ஒரு முறைதான் வாய்ப்பு. ஃபார்முலா ஒன் பந்தயமும் ஒருவகையில் இப்படித்தான். இருபது சொச்சம் இருக்கைகளில் உட்காருவதே ஒரு வாழ்நாள் சாதனை, அப்புறம் கார் நன்றாக அமைய வேண்டும். கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் 2005-ல் முதல் இந்தியராக அந்த இருக்கைக்குப் போனார். அவருடைய திறமையை அவர் ஓட்டிய காரை வைத்து எடைபோடுவது எந்தக் காலத்திலும் நியாயம் ஆகாது.

இப்போது கணக்கு நிற்கும் இடம். 2013 மே 13-ஆம் தேதி இரவு. நான் தங்கியிருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர் இருந்தார். இரவு வேலைக்குப் போகிறவர், அன்றைக்கு ஆட்டத்துக்காக லீவு போட்டிருந்தார். டொரண்டோவுக்கும் பாஸ்டனுக்கும் முதல் சுற்றின் ஏழாவது ஆட்டம். மூன்றாவது, அதாவது கடைசி, இருபது நிமிடப் பகுதியில் டொரண்டோ 4–1 என்று முன்னிலை. "தம்பி, இனிப் பயமில்லை" என்று சொல்லிவிட்டு அண்ணா தேநீர் வைக்க எழுந்தார். பாஸ்டன் ஒன்று போட்டது. ஆட்டம் முடிய 82 விநாடி இருக்கும்போது இன்னொன்று. 51 விநாடி இருக்கும்போது பத்ரிஸ் பெர்ஜெரோன் ஒன்று, 4–4. கூடுதல் நேரத்தில் வென்ற கோலும் அதே பெர்ஜெரோன். அண்ணா கோப்பையைக் கையில் வைத்தபடி நின்றுகொண்டிருந்தார், தேநீர் ஆறிப்போனது. அந்த பாஸ்டன் அணி இறுதித் தொடர் வரை போனது. ஆறாவது, அதுவே கடைசி ஆட்டத்தை, பெர்ஜெரோன் முறிந்த விலா எலும்போடும் கிழிந்த குருத்தெலும்போடும் விலகிய தோளோடும் ஆடினார். ஆட்டம் முடிந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நுரையீரலில் துளை விழுந்திருப்பதும் தெரிந்தது. கோப்பை சிகாகோவுக்குப் போய்விட்டது.

இதை எந்த எண்ணால் எழுதுவது? டூர் டி பிரான்ஸில் மூன்று வாரத்தில் 21 கட்டம், 3,400 கிலோமீட்டர் சுமார், ஆல்ப்ஸும் பிரனீஸும் ஏறி இறங்கி சைக்கிள் மிதிக்கிறவனின் வலியோடு இதை எப்படி ஒப்பிடுவது? 14 ஆட்டம் போராடிய டிங்கின் களைப்போடு? ஒப்பிட முடியாது என்றுதான் நேர்மையாகச் சொல்ல முடியும். வலிக்கு இரண்டு விளையாட்டுக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. என் காய்ப்பைக் கணக்கிலும் குறை உண்டு. ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைச் சாராதது, சாதகம் மாறாமல் இருக்கும் என்று அது எடுத்துக்கொள்கிறது. நிஜத்தில் முதல் சுற்றில் விலா முறிந்தவன் நான்காவது சுற்றில் அதே ஆளாக இருப்பதில்லை. அதைச் சேர்த்தால் மச்சானின் கட்சி வலுக்கும், குறையாது. எவ்வளவு வலுக்கும் என்பதற்குத்தான் எண் கிடையாது.

ஆக என் பதில் இப்படி நிற்கிறது. மிகச் சிறந்த அணிக்கு வெல்லக் கடினமான லீக் கோப்பை எது என்றால், ஸ்டான்லி கோப்பை, பேஸ்பால் அதன் தோளோடு தோள் நிற்க. இன்று பிறக்கும் ஒரு குழந்தை வளர்ந்து வெல்ல எது மிகக் கடினம் என்றால், செஸ் உலகப் பட்டம், அதற்கு அடுத்தபடியாக ஃபெடரர் மாதிரி ஒருவர் ஆண்டுகொண்டிருக்கும் காலத்து விம்பிள்டன். ஒரு நாட்டுக்கு என்றால் கால்பந்து உலகக் கோப்பை.

கேள்வியின் கடைசி வரியில் ஒன்று கேட்டிருந்தீர்கள். டொரண்டோ மேப்பிள் லீஃப்ஸ் 1967-க்குப் பிறகு கோப்பையே எடுக்கவில்லை, அது சாபம் என்று மச்சான் சொல்வது பற்றி. அதையும் கணக்குப் போட்டேன். 1968-லிருந்து 2025 வரை 57 கோப்பைகள். 2005-ல் சீசனே நடக்கவில்லை. அணிகளின் எண்ணிக்கை 12-லிருந்து படிப்படியாக 32 ஆனது. ஒவ்வொரு வருடமும் எல்லா அணிக்கும் சம வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், டொரண்டோவுக்கு இந்நேரம் சராசரியாக இரண்டரைக் கோப்பை வந்திருக்க வேண்டும். ஒன்றுகூட வராமல் போவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு எட்டு அளவில் இருக்கிறது. பெங்களூரு அணி ஐபிஎல்-லில் 2008 முதல் 2024 வரை 17 சீசன் கோப்பை இல்லாமல் இருந்ததே, அதே முறையில் போட்டால் அதற்கான வாய்ப்பு நூற்றுக்குப் பன்னிரண்டு. 57 வருடம் என்று கேட்டால் நெஞ்சு அடைக்கிறது, 17 வருடம் என்றால் பரவாயில்லை என்று தோன்றுகிறது. ஆனால் 32 அணி உள்ள லீகுக்கும் எட்டு, பத்து அணி உள்ள லீகுக்கும் நடுவே பார்த்தால் இரண்டு காத்திருப்பும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். பெங்களூருக்கு 2025-ல் கிடைத்துவிட்டது. அண்ணா இன்னும் டொரண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில்தான் இருக்கிறார், ஒவ்வொரு ஏப்ரலிலும் எனக்கு போன் செய்வார்.